கணக்கேட்டிற் பிறந்த தேசியம்

இந்திய தேசிய இயக்கத்தின் முதல் தலைமுறைத் தலைவர்களுள் மூவர் கணிதத்தோடு தொடர்புடைய ஆசிரியர்கள் என்பது வரலாற்று நூல்களிற் பெரும்பாலும் ஓரத்தில் ஒதுக்கப்பட்டுவிடும் செய்தி. பம்பாய் எல்பின்ஸ்டன் கல்லூரியிற் கணிதப் பேராசிரியராய் அமர்ந்த முதல் இந்தியர் தாதாபாய் நௌரோஜி. பூனாவிற் பாலகங்காதர திலகர் மாணாக்கருக்குக் கணிதமும் வடமொழியும் கற்பித்தார். அதே பூனாவிற் பணிபுரிந்த கோபால கிருஷ்ண கோகலே எண்கணிதப் பாடநூல் ஒன்றை ஆக்கியோருள் ஒருவர். கணித ஆசிரியர் மூவர் ஒரு பேரரசோடு வழக்காடப் புகுந்தனர் என்றால், அவர்கள் முதலிற் கேட்டது யாதாக இருக்கும்? கணக்கைக் காட்டுக என்பதே.

தேசிய எழுச்சி என்றதும் நம் மாணவர் உள்ளத்தில் எழுவன சிறைச்சாலையும் மேடை முழக்கமும் தடியடியுமேயாம். அவை பொய்யல்ல. ஆயினும், அவற்றுக்கு முற்பட்ட நாற்பது ஆண்டுகள் ஆட்சியாளரின் வரவு செலவு ஏடுகளைப் படிப்பதிற் கழிந்தன. பின்வந்த தீவிரவாதிகள் அந்த நாற்பது ஆண்டுகளைப் பிச்சை கேட்ட காலம் என்று எள்ளினர். அவ்வெள்ளல் பாடநூல்களிலும் புகுந்துவிட்டது. அத்தீர்ப்பு நேரியதன்று என்பது நமது கருத்து. அதனை இக்கட்டுரையில் ஆராய்வாம்.

கணக்கு 1765ஆம் ஆண்டில் தொடங்குகின்றது. அதற்கு முன் கிழக்கிந்தியக் கம்பனி ஒரு வணிகக் கூட்டம். வங்காளத்து மெல்லாடைகளையும் பட்டையும் வெடியுப்பையும் வாங்குவதற்கு அது இங்கிலாந்திலிருந்து வெள்ளியைக் கொண்டுவரவேண்டியிருந்தது. கொடுத்தாலன்றிப் பண்டம் கிடையாது. 1757இல் பிளாசிப் போரில் வென்ற கம்பனி, எட்டு ஆண்டுகளின் பின் மொகலாயப் பேரரசர் இரண்டாம் ஷா ஆலத்திடமிருந்து வங்காளம், பீகார், ஒரிசா ஆகியவற்றின் திவானி உரிமையை, அஃதாவது நிலவரி தண்டும் உரிமையைப் பெற்றது. பேரரசருக்கு ஆண்டுதோறும் 26 இலட்சம் ரூபா கொடுப்பதாக வாக்களித்தது. அன்று முதல் நிகழ்ந்தது யாது? வங்காள உழவனிடம் வரியாய்ப் பெற்ற பணத்தைக்கொண்டே வங்காள நெசவாளனிடம் துணி வாங்கி, அதனை இலண்டனில் விற்று இலாபம் கண்டனர். வெள்ளி வருவது பெரும்பாலும் நின்றது. துணி போவது நிற்கவில்லை. இதற்குக் கம்பனியார் வைத்த பெயர் ‘முதலீடு’ என்பது. யாருடைய முதல் என்று கேட்பார் அன்றில்லை.

ஐந்தாண்டு செல்வதற்குள் வங்காளத்தைப் பெரும் பஞ்சம் பற்றியது. 1770ஆம் ஆண்டுப் பஞ்சத்தில் மக்களுள் மூன்றிலொரு பங்கினர் மாண்டனர் என்பது வாரன் ஹேஸ்டிங்ஸ் 1772இல் இலண்டனுக்கு எழுதிய மதிப்பீடு. அதே கடிதத்திற் பிறிதொரு செய்தியும் உண்டு. 1771ஆம் ஆண்டு தண்டப்பட்ட நிகர வரித்தொகை, பஞ்சத்துக்கு முற்பட்ட 1768ஆம் ஆண்டினதையும் விஞ்சிற்று என்பதே அது. மாண்டோர் செலுத்தவேண்டிய வரியை எஞ்சியோர்மீது சுமத்தித் தண்டினர். ஆட்சியாளர் தாமே எழுதிவைத்த ஏட்டில் இவ்விரு தொகைகளும் அருகருகே கிடந்தன. அவற்றைச் சேர்த்துப் படிப்பதற்கு ஒரு தலைமுறை கல்வி கற்று எழவேண்டியிருந்தது.

1813இல் கம்பனியின் இந்திய வணிகத் தனியுரிமையும், 1833இல் அதன் வணிகத் தொழில் முழுவதும் முடிவுற்றன. ஆனால் கம்பனியின் பங்காளருக்கு ஆண்டுதோறும் நூற்றுக்குப் பத்தரை வீதம் இலாபப் பங்கு இந்திய வருவாயிலிருந்து கொடுபடும் என்று 1833ஆம் ஆண்டுச் சட்டம் உறுதியளித்தது. 1858இல் ஆட்சி முடியரசின் கைக்கு மாறியபோதும் அக்கொடுப்பனவு நிற்கவில்லை. 1857ஆம் ஆண்டுக் கிளர்ச்சியை அடக்கிய செலவும் இந்தியாவின் கடனாகவே எழுதப்பட்டது. ஒரு நாட்டை வென்றடக்கிய செலவை வெல்லப்பட்டவரே வட்டியோடு இறுக்கவேண்டுமென்பது அக்காலத்து நிதிநூலின் விதி போலும்!

இனி, பணம் எவ்வழியாற் போயிற்று என்பதைச் சற்று விரிவாக விளக்குதல் வேண்டும். உயர்தர வகுப்பு மாணவர் பலருக்கு ‘வடிகாற் கொள்கை’ என்னும் பெயர் தெரியும். அதன் இயக்கம் தெரிவதில்லை. இந்திய அரசாங்கம் ஆண்டுதோறும் இலண்டனிற் செய்யவேண்டிய செலவுகள் சில இருந்தன. கடனுக்கு வட்டி, இருப்புப்பாதைக் கம்பனிகளுக்கு உறுதியளித்த வட்டி, ஓய்வுபெற்ற ஆங்கில உத்தியோகத்தரினதும் படைவீரரினதும் ஓய்வூதியம், இந்திய மந்திரியின் அலுவலகச் செலவு, வாங்கும் தளபாடங்களின் விலை என்பன அவை. 1901ஆம் ஆண்டளவில் இவை ஏறத்தாழ 1 கோடி 70 இலட்சம் பவுண் ஆயின. இந்தியாவில் வரி தண்டப்படுவது ரூபாயில். இலண்டனிற் கொடுக்கவேண்டியது பவுணில். ஆதலின் இந்திய மந்திரி இலண்டனில் உண்டியல்களை விற்பனை செய்தார். இந்தியப் பருத்தியோ சணலோ கோதுமையோ வாங்க விரும்பும் வணிகன் அங்கே பவுணைக் கொடுத்து உண்டியலைப் பெறுவான். அதனைக் கல்கத்தாவிலோ பம்பாயிலோ கொடுத்தால் அரசாங்கத் திறைசேரி ரூபாயைக் கொடுக்கும். அந்த ரூபாயால் அவன் பண்டத்தை வாங்கிக் கப்பலேற்றுவான். இவ்வாறாக, இந்திய உழவன் கொடுத்த வரி இந்திய உழவனின் விளைபொருளை வாங்கியது, பண்டம் கப்பலேறியது, அதற்குரிய பவுண் இலண்டனிலேயே தங்கிற்று. 1765இல் வெளிப்படையாய் நிகழ்ந்ததே நூறாண்டின் பின் உண்டியல் வடிவில் நாகரிகமாய் நிகழ்ந்தது.

இதனோடு இன்னுமொரு தொல்லை கூடியது. 1870ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் ஒரு ரூபாய் ஏறக்குறைய இரண்டு சிலிங் பெறும். உலகச் சந்தையில் வெள்ளியின் விலை வீழ வீழ, அது 1890ஆம் ஆண்டுகளில் ஒரு சிலிங் நாலு பென்சுக்கும் கீழே இறங்கியது. இலண்டனுக்கு அனுப்பவேண்டிய பவுண் கூடாவிடினும், அதற்காக உழவனிடம் தண்டவேண்டிய ரூபாய் ஆண்டுதோறும் கூடியது.

இருப்புப்பாதையைப் பற்றியும் ஒரு சொல். 1853இல் பம்பாயிலிருந்து தாணாவுக்கு முதற் புகைவண்டி ஓடியது. 1900ஆம் ஆண்டளவில் ஏறத்தாழ 25,000 மைல் நீளத்துக்குப் பாதை அமைந்துவிட்டது. அதனால் நாடு நன்மை பெறவில்லையென்று யாரும் சொல்லார். காங்கிரசு மகாசபைக்குப் பிரதிநிதிகள் வந்ததும் அந்த வண்டியில்தான். ஆயினும் முதற் கம்பனிகளுக்கு நூற்றுக்கு 5 வீத வட்டி உறுதிசெய்யப்பட்டிருந்தது. இலாபம் வரின் பங்காளருக்கு. குறைவு வரின் இந்திய வரி கொடுப்போருக்கு. இத்தகைய ஏற்பாட்டிற் சிக்கனத்தைக் கருதி யார் பாதை அமைப்பர்?

இவ்வேடுகளில் நகைப்புக்கிடமானவையும் உண்டு. 1867இல் துருக்கிச் சுல்தான் இலண்டன் சென்றபோது இந்திய அலுவலகத்தில் அவருக்கு ஒரு பெரு நடன விருந்து நடத்தினர். விருந்தின் செலவை இந்திய வருவாயில் எழுதினர். அதனைப் பாராளுமன்றத்திற் கண்டித்தவருள் முதன்மையானவர் ஹென்றி பாசெட் என்னும் ஆங்கிலேயர். கண்பார்வையற்ற பொருளியற் பேராசிரியர். கண்ணுள்ளோர் காணாததை அவர் கண்டார் என்பதையும், நேர்மையான ஆங்கிலேயர் சிலர் முதலிலிருந்தே இந்தியர் பக்கம் நின்றனர் என்பதையும் மறைத்தல் நன்றன்று.

அதே 1867ஆம் ஆண்டு, இலண்டனில் வணிக நிலையமொன்றின் அலுவலாய்ச் சென்று தங்கியிருந்த நௌரோஜி, கிழக்கிந்தியச் சங்கத்தில் ஒரு கட்டுரை படித்தார். ‘இந்தியாவுக்கு இங்கிலாந்து பட்ட கடன்’ என்பது அதன் பொருள். இந்தியாதான் இங்கிலாந்துக்குக் கடன்பட்டுள்ளது என எல்லா ஏடுகளும் சொல்லிக்கொண்டிருந்த காலத்தில் இத்தலைப்பே ஒரு கலகம் எனலாம். ஆயினும் கட்டுரையின் நடையிற் கலகம் இல்லை. விசுவாசமுள்ள குடிமகன் ஒருவன் தன் அரசிக்கு முறையிடும் பணிவே இருந்தது. அந்தப் பணிவைக் கண்டு ஏமாறியோர் அன்றும் உண்டு, இன்றும் உண்டு.

அடுத்து அவர் கேட்ட கேள்வி மிக எளியது: இந்தியன் ஒருவனின் ஆண்டு வருமானம் எவ்வளவு? நாட்டை ஆள்வோர் அதனை அதுகாறும் முறையாகக் கணித்ததில்லை. நௌரோஜி மாகாணந்தோறும் வெளிவந்த ஆட்சி அறிக்கைகளை எடுத்தார். பயிர் நிலத்தின் பரப்பு, ஏக்கரின் விளைவு, சந்தை விலை ஆகியவற்றைப் பெருக்கிக் கூட்டினார். இவ்விடத்தில் அவருடைய கணித அறிவு துணைநின்றது. அதிகாரிகள் சராசரி காணும் முறையே பிழையென்று அவர் காட்டினார். மாவட்டங்களின் அளவை நோக்காமல், ஒவ்வொன்றினதும் எண்ணைக் கூட்டி மாவட்டத் தொகையால் வகுத்துவந்தனர். நாமே ஓர் உதாரணம் கூறுவாம். ஒரு மாவட்டத்தில் 100 ஏக்கர். ஏக்கருக்கு 20 புசல் விளைகின்றது. மற்றொன்றில் 900 ஏக்கர். ஏக்கருக்கு 10 புசல். அதிகாரியின் முறைப்படி சராசரி 15 புசல். உண்மையில் மொத்த விளைவு 11,000 புசல். நிலம் 1,000 ஏக்கர். சராசரி 11 புசலேயாம். செழித்த சிறு நிலம் வறண்ட பெரு நிலத்தை மறைத்துவிடுகின்றது. பள்ளிக்கூடத்திற் படிக்கும் நிறையிட்ட சராசரிக்கு இதனினும் பெரிய பயன் உண்டாயின் நாம் அறியோம்.

நௌரோஜி கண்ட விடை, ஆளுக்கு ஆண்டொன்றுக்கு 20 ரூபா. அதனை அவர் வேறோர் அரசாங்க ஏட்டோடு ஒப்பிட்டார். அது சிறைச்சாலை அறிக்கை. கைதி ஒருவனின் உணவுக்கும் உடைக்கும் அரசாங்கம் செலவிட்ட தொகை இதனினும் அதிகமாயிருந்தது. குற்றஞ் செய்தவனுக்கு அரசாங்கம் கொடுப்பதைக் குற்றஞ் செய்யாத குடிமகனால் உழைத்துப் பெற முடியவில்லை. ஒரு வசைச்சொல்லும் இல்லாமல் ஓர் ஆட்சியை இதனினும் கடுமையாய் எவர் கண்டித்தார்?

அரசாங்கத்தார் மறுத்தனர். மறுப்பதற்கு அவர்களும் கணக்கிடவேண்டியதாயிற்று. 1882இல் பேரிங், பார்பர் என்னும் நிதி அதிகாரிகள் 27 ரூபா என்றனர். 1901இல் இராசப்பிரதிநிதி கர்சன் பிரபு 30 ரூபா என்றார். நௌரோஜியின் வெற்றி இதுவே. அவர் சொன்ன தொகை சரியோ பிழையோ, வாதம் அவர் வகுத்த களத்திற்கு வந்துவிட்டது. இந்தியா செல்வச் செழிப்புற்றதென்று பொதுவாய்ப் புகழ்ந்துகொண்டிருந்தோர், ஒரு மனிதன் திங்களுக்கு இரண்டரை ரூபாயில் வாழ்கின்றான் என்பதைத் தம் வாயாலேயே சொல்லவேண்டியதாயிற்று.

1892இல் நௌரோஜி இலண்டன் மத்திய பின்ஸ்பரித் தொகுதியிலிருந்து, விரல்விட்டு எண்ணத்தக்க வாக்குகளால், பாராளுமன்றத்துக்குத் தெரிவானார். அவருடைய விடாமுயற்சியாற் பிறந்ததே 1895இல் அமைந்த வெல்பி ஆணைக்குழு. அவர் அதன் உறுப்பினருமானார். 1897இல் அதன்முன் சாட்சி சொல்ல இந்தியாவிலிருந்து சென்ற நால்வர் கோகலே, தின்சா வாச்சா, சுரேந்திரநாத் பானர்ஜி, ஜி. சுப்பிரமணிய ஐயர் என்போர். பின்னவர் ‘இந்து’ பத்திரிகையை 1878இல் நிறுவியோருள் ஒருவர். 1882இல் ‘சுதேசமித்திரன்’ தொடங்கித் தமிழிலே அரசியல் எழுதும் வழியைத் திறந்தவர். படைச்செலவும் இருப்புப்பாதையும் நிலவரியும் தமிழ் வாசகனின் திண்ணைக்கு வந்தது அவராலேதான். ஆணைக்குழு 1900இல் அறிக்கை வெளியிட்டது; இந்தியாவுக்குச் சிறு நிவாரணம் பரிந்துரைத்தது. பெரிதாய் ஒன்றும் விளையவில்லை.

நௌரோஜியின் கணக்கிற் குறையே இல்லையோ எனின், உண்டு. ஏற்றுமதி மிகையை ஏறத்தாழ முழுவதும் இழப்பென்று கொண்டால் தொகை பெருகும்; கடனாய் வந்த முதலால் நாடு பெற்ற பாதை, வாய்க்கால் முதலியவற்றைக் கழித்தாற் குறையும். வடிகாலின் அளவு யாதென்பதில் வரலாற்றாசிரியர் இன்றுவரை ஒருமைப்படவில்லை. இன்னொரு குறை பெரிது. வெளியே போன பணத்தை எண்ணிய அத்தலைவர்கள், உள்ளே நிலக்கிழாரும் ஆலை முதலாளியும் எடுத்துக்கொண்டதை அவ்வளவு கவனமாய் எண்ணவில்லை. ஆலைகளிற் குழந்தைகளினதும் பெண்களினதும் வேலை நேரத்தைக் கட்டுப்படுத்த வந்த தொழிற்சாலைச் சட்டங்களை அவர்களுட் பலர் எதிர்த்தனர். அவை லங்காஷயர் ஆலைக்காரரின் பொறாமையாற் பிறந்தவை என்றனர். அதில் ஓரளவு உண்மையும் இருந்தது. ஆயினும் பம்பாய் ஆலையில் நின்ற பிள்ளைக்கு அந்த வாதத்தால் ஓய்வு கிடைக்கவில்லை.

லங்காஷயரின் பெயர் வந்தமையால், கணக்கு யாவர்க்கும் விளங்கிய இடத்தையும் காட்டிவிடலாம். 1879இல், தம் நிர்வாக சபையின் பெரும்பான்மையை மீறி, லிட்டன் பிரபு வெளிநாட்டுப் பருத்தித் துணிகள் சிலவற்றின் இறக்குமதித் தீர்வையை நீக்கினார். 1876 முதல் 1878 வரை தென்னாட்டை வாட்டிய பெரும் பஞ்சத்தின் சுவடு மாறாத காலம் அது. திறைசேரிக்குப் பணம் வேண்டிய வேளை. 1882இல் எல்லாப் பருத்தித் தீர்வையும் போயிற்று. 1894இற் பணமுடையால் 5 வீதத் தீர்வையை மீண்டும் விதித்தபோது, மாஞ்செஸ்டர் முதலாளிகள் வருந்தாவண்ணம் இந்திய ஆலைகளின் உயர்ரக நூலுக்கும் அதே வரியை விதித்தனர். 1896இல் அதனை மாற்றி, இறக்குமதித் துணிக்கு மூன்றரை வீதம், இந்திய ஆலைத் துணிக்கும் மூன்றரை வீதம் என்று சமன் செய்தனர். மாஞ்செஸ்டரோடு என்றும் போட்டியிடாத, ஏழைகள் உடுக்கும் முரட்டுத் துணியும் இதற்குத் தப்பவில்லை. ஒரு நாட்டின் அரசாங்கம் தன் நாட்டுத் தொழிலுக்கு எதிராய்ப் பிறநாட்டுத் தொழிலைக் காக்க வரி விதிப்பதை எந்தக் கடைக்காரனும் விளங்கிக்கொள்வான். அந்த வரி 1925ஆம் ஆண்டு வரை நீடித்தது.

1902இல் கோகலே சட்டசபையில் தம் முதல் வரவு செலவு உரையை ஆற்றினார். அரசாங்கம் மிகைப் பணம் காட்டிப் பெருமைப்பட்ட ஆண்டு அது. பஞ்சமும் கொள்ளைநோயும் நாட்டைச் சூறையாடிய ஆண்டுகளில் திறைசேரியிற் பணம் மிஞ்சுமாயின், அது செழிப்பின் அடையாளமன்று, தேவைக்கு மேல் வரி தண்டியதன் அடையாளமே என்று அவர் நிறுவினார். மணியான வாதம் அது. அவர் கேட்ட பல குறைப்புக்களுள் ஒன்று உப்பு வரி பற்றியது. 82 இறாத்தல் கொண்ட ஒரு மணங்கு உப்புக்கு 1888 முதல் இரண்டரை ரூபா வரி இருந்தது. அது 1903இல் 2 ரூபாயாகவும், 1905இல் ஒன்றரை ரூபாயாகவும், 1907இல் ஒரு ரூபாயாகவும் இறங்கியது. வரி இறங்க இறங்க மக்கள் உண்ணும் உப்பின் அளவு ஏறியது. அதுகாறும் வரிக்கு அஞ்சி உப்பையே குறைத்து உண்டனர் என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ? பிச்சை கேட்டார் என்று எள்ளப்பட்ட அம்மனிதரின் எண்களால் ஏழையின் கஞ்சியில் உப்புக் கூடியது.

ஆனால் உப்பு உண்டவனுக்கு அது யாரால் வந்தது என்று தெரியாது. இதுவே அக்காலத்துக் காங்கிரசின் குறைபாடு. 1885இல் பம்பாயில் 72 பிரதிநிதிகளோடு கூடிய அச்சபை ஆண்டில் மூன்று நாள் கூடும், ஆங்கிலத்திற் பேசும், தீர்மானம் நிறைவேற்றும், கலையும். கணக்கு அறிக்கையிலிருந்து அறிக்கைக்குப் போயிற்றேயன்றிக் குடிசைக்குப் போகவில்லை. இதனை முதலில் உணர்ந்தவர் திலகர். 1896இல் மகாராஷ்டிரத்திற் பஞ்சம் வந்தபோது, பஞ்ச நிவாரண விதித்தொகுதியை அவர் தமது ‘கேசரி’யில் மராத்தியில் விளக்கினார். விளைவு பொய்த்தால் வரி தள்ளுபடி கேட்க உழவனுக்கு உரிமையுண்டு என்று அரசாங்கத்தின் விதியையே எடுத்துக் காட்டினார். ஆட்களை ஊரூராய் அனுப்பினார். அரசாங்கத்தின் ஏட்டை அரசாங்கத்துக்குப் படித்துக் காட்டினார் நௌரோஜி. அதனை உழவனுக்குப் படித்துக் காட்டினார் திலகர். அதிகாரிகள் இரண்டாவதற்கே அதிகம் அஞ்சினர்.

1905 அக்டோபர் 16ஆம் நாள் கர்சன் வங்காளத்தை இரண்டாகப் பிரித்தார். அதற்கு முன்னரே, ஆகஸ்ட் 7ஆம் நாள், கல்கத்தா நகர மண்டபத்தில் வெளிநாட்டுப் பண்டங்களை விலக்கும் தீர்மானம் நிறைவேறியது. பிரிவினை 1911இல் நீக்கப்பட்ட வரலாற்றை யாவரும் அறிவர், அதனை விரிக்கவில்லை. நம் பொருளுக்கு வேண்டியது, கணக்கு அப்போதுதான் கடைத்தெருவுக்கு வந்தது என்பதே. துணி வாங்கும் ஒவ்வொருவனும் தன் கைப்பணம் எங்கே போகின்றது என்று கேட்கத் தொடங்கினான்.

அக்கேள்வி தூத்துக்குடித் துறைமுகத்தில் எழுந்தபோது அது நம் கரைக்கும் வந்தது. தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே கப்பல் ஓட்டும் தொழில் பிரிட்டிஷ் இந்தியா நீராவிக் கப்பற் கம்பனியின் கையில் இருந்தது. 1906இல் வ. உ. சிதம்பரம்பிள்ளை சுதேசி நாவாய்ச் சங்கத்தைப் பதிவு செய்தார். பங்கொன்று 25 ரூபா, 40,000 பங்குகள், முதல் 10 இலட்சம் ரூபா. மதுரைத் தமிழ்ச் சங்கத்தை நிறுவிய பாண்டித்துரைத் தேவர் அதன் தலைவராயினார். இலங்கையரும் பங்கு வாங்க இடமளிக்கப்பட்டது. 1907இல் ‘காலியா’, ‘லாவோ’ என்னும் இரு கப்பல்கள் வந்துசேர்ந்தன. ஆங்கிலக் கம்பனி கட்டணத்தைக் குறைத்தது. சுதேசிக் கம்பனி மேலும் குறைத்தது. பின்னர் ஆங்கிலக் கம்பனி கட்டணமின்றி ஏற்றிக் குடையும் கொடுத்தது என்பர். நட்டத்தைத் தாங்கும் ஆற்றல் யாருக்கு அதிகம் என்பது கணக்கறிந்தார்க்கு வெளிப்படை. 1908 மார்ச் 12ஆம் நாள் அவர் சிறைப்பட்டார். மறுநாள் திருநெல்வேலி கொந்தளித்தது. ஜூலையில் இரட்டை ஆயுள் தண்டனை விதித்தனர். உயர்நீதிமன்றம் அதனைக் குறைத்தது. ஆயினும் கோயம்புத்தூர்ச் சிறையில் வழக்கறிஞர் ஒருவர் செக்கிழுத்தார். கம்பனி 1911இற் கலைக்கப்பட்டது. 1912 முடிவில் அவர் வெளியே வந்தபோது கப்பலும் இல்லை, வழக்கறிஞர் உரிமையும் இல்லை. உண்டியலின் இயக்கத்தை நூலிற் படித்தவர் பலர்; அதன் எதிரே 25 ரூபாய்ப் பங்குகளைக் கொண்டு நின்று பார்த்தவர் அவர்.

இனி 1930க்கு வருவாம். கோகலே ஒரு ரூபாய்க்கு இறக்கிய உப்பு வரி 1916இல் ஒன்றேகால் ரூபாயாக ஏறியது. 1923இற் சட்டசபை மறுத்தும், ரீடிங் பிரபு தம் தனியதிகாரத்தால் அதனை இரட்டித்து இரண்டரை ரூபாயாக்கினார். அடுத்த ஆண்டே மீண்டும் ஒன்றேகாலுக்கு இறக்கவேண்டியதாயிற்று. காந்தியடிகள் உப்பைத் தேர்ந்தபோது காங்கிரசுத் தலைவர்களே திகைத்தனர்; இது ஒரு பேரரசை எதிர்க்கும் பொருளா என்று நகைத்தனர் சிலர். முப்பது ஆண்டுகளாய் வரவு செலவு விவாதங்களைப் படித்திருந்தோர் நகைத்திருக்க மாட்டார்.

தண்டி யாத்திரைக்கு முன், மார்ச் 2ஆம் நாள், இராசப்பிரதிநிதி இர்வின் பிரபுவுக்கு அவர் எழுதிய கடிதத்தை மாணவர் ஒவ்வொருவரும் தேடிப் படித்தல் வேண்டும். ரெஜினால்ட் ரெனால்ட்ஸ் என்னும் ஆங்கில இளைஞர் அதனைக் கொண்டுசென்றார். அதன் நடுவே இருப்பது ஒரு வகுத்தற் கணக்கு. இராசப்பிரதிநிதியின் சம்பளம் திங்களுக்கு 21,000 ரூபா. அஃதாவது நாளொன்றுக்கு 700 ரூபாய்க்கு மேல். இந்தியனின் சராசரி வருமானம் நாளொன்றுக்கு இரண்டு அணாவுக்கும் குறைவு. ஆகவே அவர் தாம் ஆளும் குடிமகனைப்போல் ஐயாயிரம் மடங்குக்கு மேல் பெறுகின்றார். பிரித்தானியப் பிரதமரோ நாளொன்றுக்கு 180 ரூபா பெறுகின்றார். அந்நாட்டார் சராசரி ஏறத்தாழ 2 ரூபா. அவர் பெறுவது 90 மடங்கே. இஃது யாருடைய கணிதம்? சிறைச்சாலை அறிக்கையை வருமானத்தோடு ஒப்பிட்ட அதே கை இங்கே எழுதுகின்றது. 1917இல் மறைந்த நௌரோஜி, தண்டிக் கடற்கரைக்குப் பதின்மூன்று ஆண்டுகளுக்கு முன்பே தம் பங்கைச் செய்து முடித்திருந்தார்.

மார்ச் 12ஆம் நாள் சபர்மதியிலிருந்து எழுபத்தெட்டுத் தொண்டரோடு புறப்பட்ட காந்தியடிகள் ஏறத்தாழ 240 மைல் நடந்து, ஏப்ரல் 6ஆம் நாள் தண்டியில் ஒரு பிடி உப்பை அள்ளினார். அதுகாறும் அறிக்கைகளில் மணங்காயும் ரூபாயாயும் கிடந்த கணக்கு அந்தப் பிடிக்குள் அடங்கிற்று. எழுத்தறியாதவனும் அதனைப் படித்தான். தமிழகத்தில் இராஜகோபாலாச்சாரியார் திருச்சிராப்பள்ளியிலிருந்து வேதாரணியத்துக்கு நடந்தார். வழியில் அவர்களுக்கு உணவளிப்போர் தண்டிக்கப்படுவர் என்று தஞ்சாவூர்க் கலெக்டர் தோர்ன் ஆணையிட்டிருந்தார். ஆயினும் பசித்த வயிற்றோடு படை போனதாய்ச் செய்தியில்லை. அப்பர் பாடக் கதவு திறந்த திருமறைக்காடு அது. பாக்கு நீரிணைக்கு அக்கரையில் நமக்கு மிக அண்மையில் உள்ளது. 1927இல் கதர் நிதிக்காக யாழ்ப்பாணம் வந்த காந்தியடிகளைக் கண்ட நம் முன்னோர், மூன்றாண்டின் பின் எதிர்க்கரையில் நடந்த அந்த யாத்திரையை எவ்வளவு ஆர்வத்தோடு பின்தொடர்ந்திருப்பர் என்பதை உய்த்துணரலாம். 1931இல் யாழ்ப்பாண வாலிபர் காங்கிரசு, பூரண சுயராச்சியம் வழங்காத டொனமூர்த் திட்டத்தின்கீழ் நடந்த தேர்தலைப் பகிஷ்கரித்ததும் இவ்வலையின் விளைவே.

கணக்கு முடிந்த விதம் விந்தையானது. 1939இல் இரண்டாம் உலகப்போர் மூண்டபோது, இந்தியாவுக்கு வெளியே போரிடும் இந்தியப் படையின் செலவிற் பெரும்பகுதியைப் பிரித்தானியாவே ஏற்கும் என உடன்பாடாயிற்று. ஆனால் உடனே கொடுக்கப் பணமில்லை. இந்தியாவில் வாங்கிய பண்டத்துக்கும் பணிக்கும் ஈடாக இலண்டனிற் பவுண் கணக்கில் வரவு எழுதினர். அந்த வரவை ஆதாரமாய்க் கொண்டு இந்தியாவில் ரூபாய்த் தாள்களை அச்சிட்டனர். தாள் பெருகியது, பண்டம் பெருகவில்லை, விலை ஏறியது. 1943இல் வங்காளத்தில் அரிசி ஏழையின் கைக்கு எட்டாமற் போயிற்று. அரசாங்க விசாரணைக் குழு 15 இலட்சம் பேர் மாண்டனர் என்றது. பின்வந்த ஆய்வாளர் பலர் அதனை 30 இலட்சத்துக்கு அண்மையில் மதிப்பிடுவர். 1770இற் பஞ்சத்தோடு தொடங்கிய ஏடு இவ்வாறு பஞ்சத்தோடே முடியும் தறுவாய்க்கு வந்தது. ஆயினும் போர் முடிந்தபோது ஏட்டின் இரு பக்கங்களும் இடம் மாறியிருந்தன. இந்தியா இலண்டனுக்கு இறுக்கவேண்டியிருந்த பழைய கடன் பெரும்பாலும் தீர்ந்துபோக, பிரித்தானியா இந்தியாவுக்குக் கொடுக்கவேண்டிய தொகை நூறு கோடிப் பவுணுக்கு மேலாயிற்று. எண்பது ஆண்டுகளுக்கு முன் நௌரோஜி தம் கட்டுரைக்கு இட்ட தலைப்பு சொல்லுக்குச் சொல் உண்மையாயிற்று.

1947இல் உப்பு வரி நீக்கப்பட்டது. அவ்வாண்டு ஆகஸ்ட் 15ஆம் நாள் ஆட்சி கைமாறியது. அந்தப் பவுண் கணக்கைத் தீர்ப்பதற்கு 1948இல் இரு அரசாங்கங்களும் ஓர் உடன்பாடு செய்தன. ஓய்வுபெற்ற ஆங்கில உத்தியோகத்தருக்கு இனி வரும் ஆண்டுகளிற் கொடுக்கவேண்டிய ஓய்வூதியத்துக்காக, இந்தியாவுக்குச் சேரவேண்டிய அத்தொகையிலிருந்தே ஒரு பெரும்பகுதியை முன்கூட்டிக் கழித்துக்கொண்டனர்.